கூப்பிடு தூரத்துக்கு ஒரு பெயர்: காங்கயம் பகுதித் தோட்டம் ஒன்றில் தத்து நாய்க்குப் பெயர் அமைந்த நிகழ்வு

இந்த ஆய்வில் வரும் நாய் ஏறக்குறைய 2 வயதுள்ள பெட்டை. கருத்தடை செய்யப்பட்டதற்கு அடையாளமாக அதன் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கிறது. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், குட்டையான கால்கள், நீண்ட உடல். கோயம்புத்தூரில் உள்ள ஒரு காப்பகத்திலிருந்து, காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உள்ள ஒரு தோட்டத்துக்கு, ஆனி மாதக் கடைசியில் அது வந்து சேர்ந்தது. தத்துக் கொடுக்கப்பட்ட நாய்கள் புது வீட்டில் எப்படிப் பொருந்துகின்றன என்று போய்ப் பார்த்து வருவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த வகையில் 38 நாட்களில் இந்த வீட்டுக்கு 7 முறை சென்றேன். அந்த நாட்களில் அங்கே நடந்தவற்றுள் பெயர் பற்றியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாய்க்குப் பெயர் வைப்பது பெரும்பாலான வீடுகளில் குழந்தைகளின் பொறுப்பாக விடப்படுகிறது. நானும் வெகுகாலம் தீனி, தடுப்பூசி, கட்டிப்போடும் இடம் ஆகியவற்றை விரிவாக விசாரித்துவிட்டுப் பெயரைக் கடைசியில் ஒரு வரியாகக் குறித்துக்கொண்டு வந்தவன்தான். தூரத்தை அளக்க நம் பெரியவர்கள் வைத்திருந்த சொற்களில் ஒன்று ‘கூப்பிடு தூரம்’. தோட்டத்து நாயின் பெயரை அந்தத் தூரத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பதை இந்த வீடு எனக்கு உறுதிப்படுத்தியது. யார் கூப்பிடப் போகிறார், எங்கே நின்று, எந்தக் காற்றில், வேறு எந்தக் கூப்பாடுகளுக்கு நடுவே கூப்பிடப் போகிறார் என்பதைக் கேட்காமல் வைத்த பெயர் வீட்டாரின் வாயோடு நின்றுவிடும். நாயின் காதுவரை போய்ச் சேராது.

வீடும் காடும்

வீட்டில் 6 பேர். அவர்களைக் குழந்தைகளின் உறவுமுறைப்படியே குறிப்பிடுகிறேன்: அப்பாரு (அப்பாவின் அப்பா), அப்பத்தாள் (அப்பாவின் அம்மா), அப்பா, அம்மா, 14 வயது மகள், 9 வயது மகன். காலையில் ஆடுகளை ஓட்டிப் போகும் பெரியவர் ஒருவரும் நாள்தோறும் வந்து போகிறார். ஆகவே நாயைக் கூப்பிடக்கூடியவர்கள் 7 பேர்.

நிலத்தில் பாதி தென்னந்தோப்பு, மறுபாதி கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, வெள்வேல மரங்களுக்கு இடையே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, ஆடுமாடுகளை அதற்குள்ளேயே மேயவிடுகிற மேய்ச்சல் நிலத்தைத்தான் இந்தப் பக்கத்தில் கொறங்காடு என்பார்கள். கிளுவை வேலி மாட்டை நிறுத்தும், நாயை நிறுத்தாது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் கொறங்காடு, அதில் அடுத்தவர் செம்மறிகள்.

இந்த வட்டாரத்தில் நாயும் ஆடும் சேர்ந்த பேச்சு எளிதான பேச்சு அல்ல. காங்கயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், மாண்ட ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடுவதும் அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து நடந்துவருகின்றன. ஒரே இரவில் பட்டியில் பாதியை இழந்தவரிடம் நாயின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆட்டைக் கண்டால் ஓடுகிற, கூப்பிட்டால் திரும்பாத, காதில் வெட்டுள்ள ஒரு புது நாயை அங்கே யாரும் வீட்டு நாய் என்று எண்ணமாட்டார்கள். எனவே இந்த நாய் உயிரோடு இருப்பதற்கும் அதன் பெயருக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. வீட்டாரிடம் நான் இதை முதல் நாளே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லத் தவறினேன்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து இந்தப் பகுதியை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் காற்றாலைகள் நிறைந்திருப்பது அதனால்தான். ஆடியில் அது முழு வேகத்தில் வீசும். இந்தத் தோட்டத்தில் வீடு கிழக்கு ஓரத்திலும் கொறங்காடு மேற்கிலும் அமைந்துள்ளன. அதாவது, கொறங்காட்டில் நிற்கும் நாயை வீட்டிலிருந்து கூப்பிடுகிறவர் எதிர்க்காற்றில் கூப்பிடுகிறார். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருப்பதால், எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, தரையில் நிற்கும் காதைத் தாண்டிப் போய்விடுகிறது. நாயின் செவி மனிதச் செவியைவிடக் கூர்மையானதுதான். நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் நாம் கேட்பதில்லை, நாய் 45,000 வரை கேட்கும். ஆனால் வந்து சேராத ஒலியைக் கேட்க எந்தச் செவியாலும் முடியாது.

முதல் 9 நாட்கள்

காப்பகத்தில் அந்த நாய்க்குப் ‘பிரவுனி’ என்று பெயர். 7ஆம் நாள் மாலையில் ஒன்றரை மணி நேரம் ஆசாரத்தில் (வீட்டின் முன்கூடத்தில்) உட்கார்ந்து, யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். மகளும் அம்மாவும் ‘பிரவுனி’ என்றார்கள். அப்பத்தாள் அதையே ‘புரோணி’ என்றார். சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் ஒட்டி வருவது அவர் நாவுக்குப் பழக்கமில்லை, நடுவில் ஓர் உகரம் நுழைந்துவிடுகிறது. அப்பா நிறத்தைப் பார்த்துச் ‘செவலை’ என்றார். அப்பாரு ‘மணி’ என்றார். ஆடு மேய்க்கும் பெரியவர் ‘ஏ நாயி’ என்றார். மகன் மட்டும் எதுவும் சொல்லாமல் நாக்கைச் சொடுக்கினான், நாய் அவனிடம்தான் உடனே போனது.

பிறகு ஒரு சிறு சோதனை செய்தோம். நாய் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, 5 அடி தூரத்திலிருந்து ஒவ்வொருவரும் தாம் வழங்கும் பெயரை இடைவெளி விட்டுப் 10 முறை சொன்னார்கள். அம்மா ‘பிரவுனி’ என்றபோது 4 முறை திரும்பியது. அப்பத்தாளின் ‘புரோணி’க்கு ஒரு முறை திரும்பியது. அப்பாருவின் ‘மணி’க்குத் திரும்பவே இல்லை. வீட்டார் 4 என்ற எண்ணைக் கேட்டு மகிழ்ந்தார்கள். நான் அம்மாவை, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில், ‘தேங்காய்’ என்று 10 முறை சொல்லச் சொன்னேன். அதற்கும் 4 முறை திரும்பியது. அம்மாவின் குரலுக்குத் திரும்பியதே தவிர, காப்பகப் பெயரை அது தன் பெயராக அறிந்திருக்கவில்லை. தத்து நாய்க்குப் பழைய பெயரை மாற்றலாமா கூடாதா என்று தயங்குகிறவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துபார்ப்பது நல்லது. பழைய பெயர் உண்மையாகவே பதிந்திருந்தால், புதுப் பெயரை முன்னும் பழையதைப் பின்னுமாகச் சில நாள் சேர்த்துச் சொல்லி மெல்ல மாற்ற வேண்டும். பதியவில்லை என்றால் அந்தச் சிரமம் தேவையில்லை.

8ஆம் நாள் தடுப்பூசிக்காக அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனபோது, அட்டையைப் பார்த்துவிட்டு மருத்துவர் நாயின் பெயரைக் கேட்டார். அப்பா ஒன்று சொன்னார், உடன் வந்த அப்பாரு இன்னொன்று சொன்னார், மகன் “இன்னும் வெக்கலைங்க” என்றான்.

9ஆம் நாள் காலையில், பால்காரர் திறந்துவிட்டுப் போன படல் வழியாக நாய் வெளியேறிக் கொறங்காட்டைக் கடந்து அடுத்தவர் நிலத்துக்குள் நுழைந்தது. அங்கே செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அது கடிக்கவில்லை, ஆனால் ஓடியது, ஆடுகளும் ஓடின. வீட்டிலிருந்து 4 பேர் 4 பெயர்களைச் சொல்லிக் கத்தினார்கள். நாய் ஒருமுறைகூடத் தலையைத் திருப்பவில்லை. மகன் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்தான். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் வந்து, அப்பாருவைப் பார்த்து, “ஏனுங் மாமா, கூப்புட்டா வராத நாயை ஏனுங் அவுத்து உடறீங்? சென ஆடு மெரண்டு உழுந்துச்சுன்னா யாருங் பதில் சொல்றது?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். அன்று மாலையே வீட்டார் என்னைக் கூப்பிட்டார்கள்.

அதிகம் கூப்பிடுபவர் யார்?

பெயரைப் பேசுவதற்கு முன், 2 நாட்களுக்கு ஒரு கணக்கு எடுக்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு டப்பா. நாயை ஒருமுறை கூப்பிட்டால் அதில் ஒரு புளியங்கொட்டை. மகள்தான் அதிகம் கூப்பிடுவாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்; அவளோ காலையில் பள்ளிக்குப் போனால் மாலையில்தான் திரும்புகிறாள். 2ஆம் நாள் இரவில் எண்ணியபோது மொத்தக் கொட்டைகளில் பாதிக்கு மேல் அப்பத்தாளின் டப்பாவில் இருந்தன. சோறு வைப்பதும், வாசலில் காயப்போட்ட கொப்பரைப் பக்கம் வராமல் விரட்டுவதும், இருட்டியதும் உள்ளே சேர்ப்பதும் அவர்தான். எனவே பெயர் முதலில் அவர் நாவில் உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. மகளுக்கு இதில் வருத்தம் இருந்தது. தத்து எடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் அவள். அந்த வருத்தத்தை நான் சிறிதாகக் கருதவில்லை. ஆனால் எதிர்க்காற்றில் நின்று கூப்பிடப் போவது அவள் அல்லள்.

வந்த பெயர்கள்

அடுத்த ஞாயிறு பிற்பகல் ஆசாரத்தில் எல்லாரும் கூடினோம். முதலில் வந்தது ‘மணி’. அந்த வீட்டில் 13 ஆண்டுகள் இருந்து மாசி மாதம் இறந்த நாயின் பெயர் அது. இறந்த நாயின் பெயரைப் புது நாய்க்கு வைப்பது முறையா என்று மகள் கேட்டாள். அவளால் அந்தப் பெயரைச் சொல்லவே முடியவில்லை. அப்பாருவுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. “பேரை உட்டுப் போடக் கூடாதுங். எங்கப்பன் பேரைத்தான் எம் பையனுக்கு வெச்சிருக்குது” என்றார். பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் நம் மொழியில் பேரன் என்ற சொல்லே வந்தது. அந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்குப் பெயரை மீண்டும் வைப்பதுதான் மரியாதை. இதில் யார் சரி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் எழுப்பிய தடை வேறு. சுற்றியுள்ள தோட்டங்களில் 3 மணிகள் இருந்தன. இந்த வீட்டு வாசலில் ‘மணீ’ என்றால் தெற்குத் தோட்டத்து நாய் தலை தூக்குவதை அன்றே பார்த்தோம். தெற்கே ‘மணீ’ என்றால் நம் நாய் வேலியைத் தாண்டும். அப்பாரு இதை ஏற்றுக்கொண்டார்.

‘செவலை’யை அப்பாவே திரும்பப் பெற்றார். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று காங்கயம் மாடுகளை நிறத்தால் அழைப்பது இங்குள்ள வழக்கம். கட்டுத்தரையில் ஏற்கெனவே ஒரு செவலைக் கிடாரி நிற்கிறது. அதை அதட்டும்போதெல்லாம் நாயும் அதட்டப்பட்டதாக உணரும். ‘பிரவுனி’யை அப்பத்தாள் ஒரு வாரம் முயன்றும் மகளைப் போலச் சொல்ல வரவில்லை, ஒரே வீட்டில் இரண்டு ஒலிகளாக வழங்கும் பெயர் நாய்க்கு இரண்டு பெயர்கள்தான். மகள் அடுத்து ‘லூனா’ என்றாள். அந்தக் காலத்து மொபெட்டின் பெயராயிற்றே என்றார் அப்பாரு. அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

நான் பொன்னாச்சியைச் சொன்னேன். கொங்கு நாட்டில் பாடப்பட்டுவரும் அண்ணமார் கதையில், கொம்பன் என்ற பெரும் பன்றியை எதிர்த்துப் போகும் சிறிய பெட்டை நாயின் பெயர் அது. பெட்டை நாய்க்கு இந்த மண்ணில் இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது என்பது என் எண்ணம். அப்பத்தாளுக்கும் கதை தெரியும், பெயரும் பிடித்திருந்தது. ஆனால் மூன்று அசையுள்ள பெயரைக் கூப்பிடும்போது யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். அது ‘பொன்னா’ என்று சுருங்கும். தெற்குத் தோட்டத்துப் பெரியம்மாவின் பெயரும் ‘பொன்’ என்றே தொடங்குகிறது. வயதில் மூத்தவரின் பெயரை வேலியோரம் நின்று நாளுக்கு இருபது முறை நாய்க்கு விளிப்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல. அந்தப் பெயரை விட எனக்கு மனமே இல்லை, ஆனாலும் விட்டோம்.

‘காளி’ என்ற பெயரை அப்பா சொன்னார். ஒலியளவில் மிக நல்ல பெயர். பழமையும் உண்டு: கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டு ஆதகூர்க் கல்வெட்டு, காட்டுப்பன்றியோடு போரிட்டு மாண்ட வேட்டை நாய் ஒன்றைக் காளி என்றே குறிக்கிறது. அப்பத்தாள் ஒரே வாக்கியத்தில் மறுத்தார்: “ஊருக்குள்ள மாகாளியம்மனை வெச்சுக்கிட்டு, ‘காளி, சோத்துக்கு வா’ன்னு எந்த வாயிலெ கூப்புடறதுங்?” அதிகம் கூப்பிடப் போகிறவர் கூசினால் அந்தப் பெயர் நிற்காது.

கல்வெட்டுப் பேச்சு வந்ததால் கோவிவனைப் பற்றியும் சொன்னேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும், கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. 7ஆம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் இருந்தது, அதைக் கல்லில் வெட்டத் தக்கது என்று ஓர் ஊர் நினைத்தது. நாய்க்கு எதற்குப் பெரிய ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்லுவேன். மகள் உடனே ‘கோவி’ என்று சுருக்கிக் கூப்பிட்டுப் பார்த்தாள். வீட்டில் அப்பாவின் தம்பியை ‘கோபி’ என்றே எல்லாரும் அழைக்கிறார்கள். வாரம் ஒருமுறை வருகிறார். புடாபெஸ்டில் உள்ள எத்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் நாய்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பழகிய சொல்லையும் அதற்குத் தொடர்பே இல்லாத ஒலியையும் நாய்கள் பிரித்தறிந்தன. ஆனால் பழகிய சொல்லில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னபோது அவற்றால் வேறுபாடு காண இயலவில்லை. கோவிக்கும் கோபிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒற்றை ஒலிதான்.

நின்ற பெயர்

இந்தப் பேச்சு நடக்கும்போது நாய் வாசலில் குவித்திருந்த தென்னை மட்டைகளுக்கு அடியில் புகுந்து, வயிறு தரையில் உரச, மறுபக்கம் வெளிவந்தது. மகன், “கீரியாட்டமே போகுது பாரு” என்றான். நிறமும் கீரியின் நிறம். அப்பத்தாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே “கீரீ” என்று நீட்டினார். அவர் நாவில் அது தடையில்லாமல் ஓடியது.

அந்தப் பெயரை நான் ஆதரிக்கும் காரணம் அதன் ஒலி. தொல்காப்பியத்தின் விளிமரபு, பெயர்கள் கூப்பிடும்போது எப்படி மாறுகின்றன என்பதற்கே ஒதுக்கப்பட்ட இயல். இகரத்தில் முடியும் பெயர் ஈகாரமாக நீளும், ஐகாரத்தில் முடிவது ஆய் என்று திரியும், தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது எல்லாப் பெயரும் தம் அளவைக் கடந்து நீளும் என்று அது சொல்கிறது. தோட்டத்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் விளங்கும். ‘கீரி’ நீண்டால் ‘கீரீ’. ஒலியின் தன்மை மாறாமல் அளவு மட்டும் கூடுகிறது. பக்கத்தில் சொன்னாலும் தொலைவில் சொன்னாலும் நாய்க்கு ஒரே பெயர். ஐகார ஈற்றுப் பெயரில் அப்படி நடப்பதில்லை. ‘டைகர்’, ‘சீசர்’ போன்ற பெயர்களிலும் நம் வாய் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து, நீட்டும்போது அந்த உகரத்தையே நீட்டுகிறது. தூரம் கூடக் கூட மெய்யொலிகள் காற்றிரைச்சலில் தேய்ந்து, உயிரொலிகள்தாம் மிஞ்சுகின்றன. ‘மணீ’யில் எஞ்சுவது அகரமும் ஈகாரமும், ‘கீரீ’யில் எஞ்சுவது ஈகாரம் இரண்டு. ஆகவே அடுத்த தோட்டத்து மணிகளிடமிருந்தும் இந்தப் பெயர் ஓரளவு விலகி நிற்கிறது. வா, போ, இரு, படு என்று வீட்டில் வழங்கும் ஏவல்கள் எதனோடும் அது மோதவில்லை.

இரண்டு மறுப்புகள் எழுந்தன. கோழிக்குஞ்சைத் தூக்க உண்மையான கீரி வந்தால் ‘கீரி, கீரி’ என்று கத்துவோமே என்று அம்மா கேட்டார். அது ஆண்டுக்குச் சில முறைதான், அப்போது நாய் ஓடி வந்தால் நல்லதுதானே என்று அப்பா சொன்னதை எல்லாரும் ஏற்றார்கள். இரண்டாவது மறுப்பு என்னுடையது: கீரை. நாள்தோறும் சமையலறையில் புழங்கும் சொல், பெயரோடு ஓர் ஒலிதான் வேறு. கோவியை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினோமோ அதே காரணம் இங்கும் இருந்தது. ஆனால் கோபி என்பது ஒருவரைக் கூப்பிடும் சொல், பெயரைப் போலவே நீட்டிச் சொல்லப்படுவது. கீரை பேச்சின் நடுவே தட்டையாக வந்து போவது. இந்த வேறுபாடு போதும் என்று எண்ணித் துணிந்தோம்.

பழக்கிய முறை

முதல் 3 நாட்கள் அப்பத்தாளும் அம்மாவும் மட்டுமே பெயரைச் சொன்னார்கள். வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டு, நாய் வேறெங்கோ பார்க்கும்போது ஒரே ஒருமுறை ‘கீரி’ என்பது. முகம் திரும்பிய நொடியில் ஒரு துண்டு. திரும்பாவிட்டால் மீண்டும் சொல்லாமல் சிறிது காத்திருப்பது. ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு 4 வேளை. நாய் வரவில்லை என்றால் பெயரையே ஐந்தாறு முறை அடுக்கிச் சொல்வது எல்லாருக்கும் இருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் ஆறாவது முறைக்குத்தான் திரும்ப வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.

கடுமையாக நான் வலியுறுத்தியது ஒன்றுதான்: பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது. கொப்பரையில் வாய் வைத்தால் ‘ஏய்’ என்று அதட்டலாம். பெயர் வரக் கூடாது. குளிப்பாட்டவும் ஊசி போடவும் பெயரைச் சொல்லி வரவழைக்காமல், போய்ப் பிடித்து வர வேண்டும். அப்பத்தாளுக்கு இது மிகவும் சிரமமாக இருந்தது, ஏனென்றால் அவர் பேரக் குழந்தைகளைத் திட்டும்போதும் பெயரில்தான் தொடங்குவார். ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்.

‘கீரி’ என்றால் ‘பார்’ என்றுதான் பொருள், ‘வா’ என்று பொருள் அல்ல. முகம் திரும்பிய பிறகு சொல்லும் தனி ஏவல் ‘வா’. இரண்டையும் வேறாக வைத்ததால், பிற்பாடு ‘கீரி, இரு’ என்று தூரத்திலேயே நிறுத்தவும் முடிந்தது.

எண்களும் எஞ்சியவையும்

20ஆம் நாள், வீட்டுக்குள் அப்பத்தாள் கூப்பிட்டபோது 10இல் 9. அதே நாளில் ‘தேங்காய்’க்கு 1, ‘மணி’க்கு 2. உறம்பரை (விருந்தாளிகள்) வந்து கூட்டமும் பேச்சுமாக இருந்த ஒரு நாளிலும் பெயரைக் கேட்டுத் திரும்பியது. இதில் வியப்பில்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 2019இல் நடந்த ஆய்வில், பின்னிரைச்சலுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ ஒலித்த தம் பெயரை நாய்கள் இனங்கண்டுகொண்டன. இரைச்சல் மிஞ்சியபோதுதான் இயலவில்லை.

‘கீரை’ என்று சோதித்தபோது 10இல் 6. என் அச்சம் உண்மையாயிற்று. “கீரை பறிச்சுட்டு வா” என்று அம்மா மகளிடம் சொன்னால் நாய் எழுந்து வந்துவிடுகிறது. அப்போது ஈரல் கொடுக்க வேண்டாம், ஆனால் விரட்டவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். 34ஆம் நாள் அது 3ஆகக் குறைந்திருந்தது.

27ஆம் நாள் தென்னந்தோப்பில் 80 மீட்டரிலிருந்து 10இல் 9. ஆனால் 31ஆம் நாள், ஆடிக் காற்று பலமாக வீசியபோது, வீட்டு வாசலிலிருந்து கொறங்காட்டில் இருந்த நாயைக் கூப்பிட்டதில் 10இல் 4 மட்டுமே. நல்ல பெயர் வைத்தால் எதிர்க்காற்றையும் வென்றுவிடலாம் என்று எங்கோ ஓர் ஓரத்தில் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது, அது தவறு. கிணற்று மேட்டில் ஏறி, தெற்குப் பக்கமாகத் தள்ளி நின்று கூப்பிட்டபோது 8 ஆயிற்று. காற்றுக் காலத்தில் நாயைக் கொறங்காட்டில் விடுவதென்றால் யாராவது மேட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் நாய் கயிற்றில் இருக்க வேண்டும் என்று வீட்டார் முறை வைத்துக்கொண்டார்கள்.

36ஆம் நாள் மாலையில் வேலிக்கு அப்பால் செம்மறிகள் கடந்துபோனபோது நாய் காதை விறைத்து 2 அடி முன்னே வைத்தது. மேட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். அது நின்றது, திரும்பியது, வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவரே வேலியோரம் நின்று ‘கீரீ’ என்று கூப்பிட்டுப் பார்த்தாராம். நாய் அவரையும் திரும்பிப் பார்த்தது. வெளியார் கூப்பிட்டு ஈரல் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டோம்.

அப்பாரு இப்போதும் கட்டுத்தரைக்குள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில், நாயை ‘மணி’ என்றுதான் சொல்கிறார். அவர் காலடியில் அது படுத்திருக்கும்போது மெல்லிய குரலில் சொல்வது. அடுத்த தோட்டத்துக்குக் கேட்காது. வெளியே வந்தால் ‘கீரி’ என்கிறார். இதை மாற்றும்படி நான் சொல்லவில்லை.

38ஆம் நாள் நான் போனபோது, மருந்தகத்திலிருந்து திரும்பிய தடுப்பூசி அட்டையைக் காட்டினார்கள். ‘பிரவுனி’ என்பதற்குப் பக்கத்தில் ‘கீரி’ என்று மருத்துவர் எழுதியிருந்தார். பழைய பெயரை அடித்துவிட வேண்டாம் என்று நான்தான் முன்பே சொல்லியிருந்தேன். காப்பகத்தில் போட்ட ஊசிகளின் பதிவு அந்தப் பெயரில்தான் இருக்கிறது.